கால்வாய்க்கரை ஊர் ஒன்றின் வரலாற்றையும் நிலவமைப்பையும் எழுதுவது எப்படி

சென்னைக்குத் தெற்கே, கடலுக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் நடுவில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிக் கிடக்கும் ஊர்களில் ஒன்றின் வரலாற்றை எழுத விரும்பும் ஒருவருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. அவர் அந்த ஊரிலேயே பிறந்தவராக இருக்கலாம், ஐந்தாண்டுகளுக்கு முன் அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிவந்தவராகவும் இருக்கலாம். இருவருமே பொதுவாக ஒரே தவற்றில் தொடங்குகிறார்கள். கால்வாயை ஊரின் தொடக்கமாக வைத்து, அங்கிருந்து ஆண்டுகளை அடுக்கிக்கொண்டு போகிறார்கள். உண்மையில் இந்த ஊர்களில் பெரும்பாலானவை கால்வாயை விட மிகப் பழையவை. இருந்த ஊரின் குறுக்கே கால்வாய் பின்னால் வெட்டப்பட்டது. ஆகவே முதலில் நிலத்தையும் நீரையும் எழுதி முடித்து, அதன் பிறகே ஆண்டுகளுக்குப் போவது நல்லது. அந்த வரிசையில்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்த ஊர் என்பதை முதலில் முடிவு செய்தல்

ஊரின் பெயர் ஒன்றாக இருந்தாலும், அந்தப் பெயரில் குறைந்தது மூன்று ஊர்கள் உள்ளன. வருவாய்த் துறையின் கணக்கில் உள்ள வருவாய்க் கிராமம் ஒன்று, ஊராட்சியாகவோ மாநகராட்சி வார்டாகவோ உள்ள உள்ளாட்சி எல்லை இன்னொன்று, அஞ்சல் குறியீட்டை வைத்தும் பேருந்து நிறுத்தத்தை வைத்தும் மக்கள் சொல்லும் ஊர் மூன்றாவது. இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது அரிது. நான் முதன்முதலில் இப்படி ஒரு குறிப்பு எழுதியபோது அஞ்சல் குறியீட்டு எல்லையை ஊரின் எல்லையாக வைத்துக்கொண்டு மக்கள்தொகை அடர்த்தியைக் கணக்கிட்டு, பக்கத்து ஊரின் ஏரியையும் சேர்த்து எண்ணிவிட்டேன். அந்த அத்தியாயம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

வருவாய்க் கிராமத்தின் எல்லையையே அடிப்படையாகக் கொள்ளுமாறு பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லைகளைக் காட்டிலும் அதுவே குறைவாக மாறியிருக்கிறது. உள்ளாட்சி எல்லையும் மாவட்ட எல்லையும் நம் கண்முன்னாலேயே பல முறை மாறிவிட்டன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டானது. 2011இல் சென்னை மாநகராட்சி 42 உள்ளாட்சி அமைப்புகளைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது பெருங்குடி, ஒக்கியம் துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி முதலிய கரையோர ஊர்கள் மாநகரத்துக்குள் வந்தன. ஆனால் அவை மாவட்டக் கணக்கில் காஞ்சிபுரத்திலேயே இருந்து, 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்கு மாறின. நாவலூர், கேளம்பாக்கம் போன்றவை மாநகராட்சிக்கு வெளியிலேயே நின்று, 2019இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்துக்குப் போயின. ஆகவே ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்று தலைப்பிட்ட ஒரு பழைய ஆவணத்தைப் பார்க்கும்போது, அது எந்த ஆண்டின் காஞ்சிபுரம் என்பதைப் பக்கத்தில் குறித்துவைக்க வேண்டும்.

கடலிலிருந்து மேற்கே ஒரு நடை

எல்லை முடிவான பின், கடற்கரையில் தொடங்கி நேர் மேற்காகப் பழைய மாமல்லபுரம் சாலையைத் தாண்டும் வரை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரம்தான் இருக்கும். கையில் ஒரு நோட்டுப் புத்தகமும், உயரம் காட்டும் செயலி உள்ள கைப்பேசியும் போதும். ஆயினும் கைப்பேசி காட்டும் உயரம் சில மீட்டர் பிசகும். இந்தத் தட்டையான நிலத்தில் அரை மீட்டர்கூடப் பெரிய வேறுபாடு என்பதால், அந்த எண்ணை விட எது மேடு, எது பள்ளம் என்று கண்ணால் பார்த்து எழுதுவதே நம்பத்தக்கது.

முதலில் வருவது மணல் மேடு. கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக நீளும் இந்த மேட்டில்தான் மீனவர் குப்பங்களும், பழைய சவுக்குத் தோப்புகளும், இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலையும் இருக்கின்றன. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு படலம்போல் மிதந்து நிற்பதால், கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இங்கே கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைத்தது. அளவுக்கு மீறி இறைத்தால் அந்தப் படலம் மெலிந்து உப்பு மேலே ஏறும். கரையோர ஊர்களில் ஆழ்குழாய்கள் பெருகிய பிறகு எந்தத் தெருவின் தண்ணீர் எந்த ஆண்டில் கரிக்கத் தொடங்கியது என்பதை வீடுவீடாகக் கேட்டு ஒரு வரைபடத்தில் குறித்தால், ஊர் வளர்ந்த கதையில் பாதி அதிலேயே வந்துவிடும்.

மணல் மேட்டின் மேற்குச் சரிவில் நிலம் தாழ்ந்து, உப்பங்கழியும் களிமண்ணும் கலந்த ஒரு தாழ்வான பட்டை வரும். கால்வாயை வெட்டியவர்கள் இந்தப் பட்டையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கழிகளும் காயல்களும் முன்பே வரிசையாகக் கிடந்ததால், அவற்றை இணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. ஆகவே ஊரின் பகுதியில் கால்வாய் நேர்கோடாக ஓடுகிறதா, வளைந்து அகன்று ஓடுகிறதா என்று கவனிக்க வேண்டும். நேர்கோடாக ஓடும் இடம் மனிதர் வெட்டியதாக இருக்க வாய்ப்பு அதிகம். கரை ஒழுங்கில்லாமல் அகலும் இடத்தில் பழைய கழியின் உருவம் இன்னும் மிஞ்சியிருக்கலாம்.

கரையில் நின்று செடிகளையும் எழுதிக்கொள்ளுங்கள். உமரி தரையோடு படர்ந்திருந்தால் அங்கே மண் உப்பு. தாழையும் பனையும் மணல் மேட்டின் விளிம்பைக் காட்டும். சீமைக் கருவேலம் எங்கும் வளரும் என்பதால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, அந்த இடம் பல ஆண்டுகளாகப் பயிரில்லாமல் கிடந்தது என்பதைத் தவிர.

இந்தக் கால்வாய் ஓதத்துக்கு, அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கத்துக்கு, உட்பட்டது என்பதைப் பலர் அங்கேயே குடியிருந்தும் அறிவதில்லை. அறிவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பாலத்தின் தூணில் பாசி படிந்த கோட்டுக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு, அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில் காலை ஆறு மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அந்த நாட்களிலேயே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கால்வாய்க்குள் அது இன்னும் குறைந்து, முகத்துவாரத்திலிருந்து தொலைவு கூடக்கூட வந்து சேரும் நேரமும் தள்ளிப்போகும். இந்தப் பகுதிக்கான வாசல் முட்டுக்காடு–கோவளம் முகத்துவாரம். கோடையில் மணல் அடைத்துக்கொண்டால் நீர் அசையாமல் நின்று நாற்றம் எடுக்கும், வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்து உடைத்துக்கொண்டால் மறுபடி மூச்சு விடும். உங்கள் பன்னிரண்டு மணி நேரக் குறிப்பில் நீர்மட்டம் அசையவே இல்லை என்றால், அதுவும் எழுத வேண்டிய செய்திதான். முகத்துவாரம் மூடியிருக்கிறதா, நடுவில் எங்கோ தூர்ந்து கிடக்கிறதா என்று அடுத்ததாகத் தேட வேண்டும். இந்த ஓதம் சட்டத்திலும் கணக்கில் வருகிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கடலோரத்தோடு நிற்காமல், ஓதம் ஏறும் கழிகளுக்கும் கால்வாய்களுக்கும் பொருந்துகின்றன. எது வரை ஓதம் ஏறுகிறது என்பதை வறண்ட பருவத்தில் நீரிலுள்ள உப்பின் அளவை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்.

கால்வாயைத் தாண்டி மேற்கே போனால் நிலம் உடனே உயர்வதில்லை. சில ஊர்களில் உப்பளம், சில ஊர்களில் மேய்ச்சல் வெளி, சில ஊர்களில் சதுப்பு என்று ஒரு தாழ்ந்த வெளி வந்து, அதன்பின் செம்மண் கலந்த மேடும் பழைய ஊர் நத்தமும், அதாவது குடியிருப்பு நிலமும், வரும். அதற்கும் மேற்கே ஏரிகள். ஏரி நிரம்பி, உபரிநீர் வழிவதற்கான கலங்கல் வழியாக வெளியேறும் நீர் கீழே உள்ள ஏரிக்கோ, சிற்றேரியான தாங்கலுக்கோ போய், கடைசியில் கால்வாயில் விழும். இந்த வரிசையை, அதாவது எந்த ஏரியின் உபரி எந்த ஏரிக்கு, அங்கிருந்து எந்த ஓடை வழியாகக் கால்வாயின் எந்த இடத்தில் சேர்கிறது என்பதை, ஒரே பக்கத்தில் அம்புக்குறிகளோடு வரைந்துவிடுங்கள். பிறகு எழுதப்போகும் எல்லா அத்தியாயங்களுக்கும் அந்த ஒரு பக்கம் தேவைப்படும். வடக்கே உள்ள ஊர்களுக்கு இந்த வரிசையின் பெரிய கண்ணி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகவே பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து தெற்கே நெடுந்தொலைவு ஓடிக் கோவளத்தில் கடலைச் சேர வேண்டியிருக்கிறது. 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று கேட்டு அம்புக்குறி வரைபடத்தின்மேல் வண்ணமிட்டால், தண்ணீர் பழைய வழியை மறக்கவில்லை என்பது தெரியும்.

கால்வாயின் வரலாற்றை அளவோடு எழுதுதல்

ஊர் வரலாறுகளில் அதிகம் பிழைபடும் பகுதி இதுதான். பக்கிங்காம் பிரபு இந்தக் கால்வாயை வெட்டினார் என்று எழுதிவிடுகிறார்கள். முதல் பகுதி 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகரால் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டப்பட்டு, அவர் பெயரால் காக்ரேன் கால்வாய் என்று அழைக்கப்பட்டது. 1837இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு வடக்கே பழவேற்காடு தாண்டிக் கிருஷ்ணா டெல்டாவரை நீண்டது. தெற்கே அடையாற்றிலிருந்து மரக்காணம் வரையுள்ள பகுதியும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படிப்படியாக அமைந்தது. நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் மட்டும் நீண்ட காலம் விடுபட்டுக் கிடந்தது. தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, நிவாரண வேலையாக, பசித்தவர்களின் உழைப்பில் 1877–78இல் அந்த இடைவெளி வெட்டி முடிக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் அண்ட் சாண்டோஸ் பிரபுவின் பெயர் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. ஆகவே உங்கள் ஊர் அடையாற்றுக்குத் தெற்கே இருந்தால், ‘பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்’ என்ற சொல் உங்கள் ஊர்ப் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் என்று சான்று இல்லாமல் எழுதக் கூடாது.

அதன் மொத்த நீளம் ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாக ஏறத்தாழ 420 கிலோமீட்டர், அதில் தமிழ்நாட்டுக்குள் 163 கிலோமீட்டர். உப்பு, விறகு, சவுக்குக் கட்டை, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், நெல் ஆகியவை இதில் நகரத்துக்குப் போயின. காற்று இருந்தால் பாய் விரித்தும், இல்லையென்றால் தள்ளுகோல் ஊன்றியும், கரையில் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுத்தும் படகைச் செலுத்தினார்கள். கயிறு இழுத்தவர்கள் நடந்த பாதையே பல இடங்களில் இன்றைய கரைப் பாதையாக இருக்கலாம், ஆனால் ஊரில் யாராவது சொன்னால் ஒழிய அதை உறுதியாக எழுத வேண்டாம். ரயிலும் லாரியும் வந்து படகுத் தொழிலை மெலிய வைத்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சேதப்படுத்திய பின் போக்குவரத்து மீளவில்லை. நகருக்குள் 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன. 2008இல் இதைத் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது கால்வாய் அந்த நீரின் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு மேற்குப் பக்கத்தைக் காத்தது என்று கரையோரத்தில் பலரும் சொல்வார்கள். உங்கள் ஊரில் நீர் எது வரை வந்தது என்பதைக் குப்பத்தில் கேட்டு, மரத்தையோ கோயில் சுவரையோ அடையாளமாக வைத்துக் குறியுங்கள்.

இவ்வளவும் இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. கால்வாயின் பொது வரலாறு எங்கும் கிடைக்கும். உங்கள் ஊரில் படகுத் துறை எங்கே இருந்தது, ஓடம் விட்டவர்கள் யார், முதல் பாலம் எப்போது வந்தது என்பவை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதப் போவதில்லை.

கால்வாய்க்கு முந்திய ஊர்

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்கலாம், ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. பழைய சொற்பொருள் நூல்களான நிகண்டுகள் பாக்கம், பட்டினம் ஆகியவற்றை நெய்தல் நிலத்து ஊர்ப்பெயர்களாகச் சொல்கின்றன. இந்தக் கரையில் பாக்கங்கள் நிறைய இருப்பது அதோடு பொருந்தவும் செய்கிறது. ஆயினும் கடலைக் காணாத உள்நாட்டிலும் பாக்கங்கள் ஏராளம் என்பதால், பெயர் ஒரு குறிப்புதானே தவிர சான்று ஆகாது. பெரிய ஊரின் பெயரை விட உள்ளே கிடக்கும் சிறு பெயர்கள்தான் அதிகம் பேசும். மேடு, திட்டு, தாங்கல், மடுவு, குப்பம் என்று முடியும் தெருப் பெயர்களையும் வயல் பெயர்களையும் திரட்டுங்கள். சோழிங்கநல்லூரில் கால்வாய்க்குக் கிழக்கே, கடற்கரைச் சாலையில் அக்கரை என்று ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. இன்று அங்கே குடியிருப்பவருக்கு அது இக்கரை. மேற்குக் கரையில் நின்று பார்த்தவர்கள் வைத்த பெயர் என்று அதைப் படித்தால், ஊரின் மையம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை ஒரே சொல் காட்டிவிடுகிறது.

எழுத்துச் சான்றுகளில் மிகப் பழையவை கோயில் கல்வெட்டுகள். திருவான்மியூரிலும் திருவிடந்தையிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. உங்கள் ஊரில் கோயிலே இல்லையென்றாலும், பக்கத்து ஊர்க் கோயிலுக்கு நிலம் கொடுத்த கல்வெட்டில் உங்கள் ஊரின் பெயர் எல்லையாக வந்திருக்கக்கூடும். இந்தியத் தொல்லியல் துறையின் ஆண்டறிக்கைகளிலும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் ஊர்ப் பெயர் அகரவரிசை இருக்கிறது. பெயரின் பழைய எழுத்துருவங்களையும் சேர்த்துத் தேட வேண்டும்.

அடுத்த பெரிய சான்று செங்கல்பட்டுச் சீமைக்கே உரியது. 1763இல் ஆற்காட்டு நவாப் கம்பெனிக்கு ஜாகிராக, அதாவது வரி வருவாயை அனுபவிக்கும் உரிமையோடு, கொடுத்த இந்தப் பகுதியை, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர்வாரியாக அளந்து கணக்கெடுத்தார். வீடுகள், குடிகள் செய்த தொழில்கள், ஏரி, தோப்பு, நஞ்சை, புஞ்சை, ஊரின் விளைச்சலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு போயிற்று என்பதெல்லாம் அதில் வருகின்றன. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்து ஊர்களுக்கும் வாய்க்காத பேறு இது. கால்வாய் வருவதற்கு முன் ஊர் எப்படி இருந்தது என்று காட்ட இதைவிடச் சிறந்த படம் கிடைக்காது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஜாகிர் காலக் கடிதங்களையும், பின்வந்த நிலவரித் திட்டப் பதிவேடுகளையும், 1879இல் அச்சான செங்கல்பட்டு மாவட்டக் கையேட்டையும் தேடலாம். அனுமதி பெறும் கடிதத்தில் ‘ஊர் வரலாறு’ என்று பொதுவாக எழுதாமல், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தத் துறையின் கோப்புகள் என்று குறிப்பிட்டால் வேலை விரைவில் நடக்கும்.

அ பதிவேட்டைப் படிக்கும் முறை

வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கும் அ பதிவேடுதான் என் பார்வையில் ஊரின் மிக நேர்மையான வரலாற்று நூல். அதை எழுதியவர் யாருக்கும் வரலாறு எழுதும் எண்ணம் இல்லை என்பதே காரணம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் உட்பிரிவு, பழைய புல எண், நஞ்சையா புஞ்சையா என்ற வகை, மண்ணின் தரம், பரப்பு, தீர்வை, பட்டா எண் ஆகியவை வரிசையாக இருக்க, கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் வரும். முதலில் அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் போங்கள். ஏரி, தாங்கல், ஓடை, களம், மேய்க்கால், சுடுகாடு, தோப்பு, உப்பளம், வண்டிப்பாதை, கழுவெளி என்று புறம்போக்கின் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அந்தப் புல எண்களைக் கிராம வரைபடத்தில் வண்ணமிட்டு, இன்றைய செயற்கைக்கோள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், எந்த ஓடையின்மேல் எந்தச் சாலை போகிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இப்போது புழக்கத்தில் இருக்கும் புல எண்களும் பட்டா விவரங்களும் 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் திருத்தி எழுதப்பட்டவை. அதற்கு முந்திய நிலவரித் திட்டப் பதிவேட்டோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும். பழைய பதிவேட்டில் பரப்பு ஏக்கரிலும் செண்டிலும், புல வரைபடத்தில் நீளம் சங்கிலியிலும் இணுக்கிலும் இருக்கும். நூறு இணுக்கு ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி. புதியதில் ஹெக்டேரும் மீட்டரும். ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். இந்த மாற்றத்தைச் செய்யாமல் ‘ஏரியின் பரப்பு குறைந்துவிட்டது’ என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அலகுதான் மாறியிருந்தது, ஏரி அப்படியே கிடந்தது.

கால்வாய்க்கென்று எடுக்கப்பட்ட நிலம் தனிப் புல எண்ணாக ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். அதன் இரு பக்கத்துப் புல எண்களின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே வயலின் வரப்பு கால்வாயின் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே சாய்வில் தொடர்ந்தால், வெட்டுவதற்கு முன் அது ஒரே வயலாக இருந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கும்போது உண்டாகும் மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

பழைய அடங்கல் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய்க் கணக்கு ஆண்டில், எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று அது சொல்வதால், ஊரில் கடைசி நெல் அறுவடை எப்போது நடந்தது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். பசலி ஆண்டோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பரம்பரைக் கர்ணங்களும் மணியக்காரர்களும் 1980இல் நீக்கப்பட்டபோது பல ஊர்களில் கணக்குகள் கைமாறிச் சிதறின. ஆகவே அலுவலகத்தில் இல்லாதது பழைய கணக்குப்பிள்ளை வீட்டுப் பரணில் இருக்கலாம். போய்க் கேட்பதில் தவறில்லை, எடுத்துக்கொண்டு வரக் கூடாது, படம் பிடித்துக்கொண்டால் போதும்.

பெரியவர்களிடம் கேட்டல்

‘ஐயா, நம்ம ஊர் வரலாற்றைச் சொல்லுங்க’ என்று கேட்டால் கோயில் தலபுராணம்தான் கிடைக்கும். ‘அம்மா, உங்க கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் கால்வாயை எப்படித் தாண்டி வந்தாங்க?’ என்று கேட்டால், ஓடமா, பாலமா, இடுப்பளவு தண்ணீரா, அந்த ஓடத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதெல்லாம் வரும். ஆண்டைக் கேட்கக் கூடாது, நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும். அண்ணா இறந்ததற்கு முன்பா பின்பா, எம்.ஜி.ஆர். இறந்தபோது இந்தச் சாலை தார் போட்டிருந்ததா, சுனாமி வந்தபோது இந்த வீடு இருந்ததா என்று கேட்டால் 1969, 1987, 2004 என்ற மூன்று முளைகள் கிடைத்துவிடும். மற்றவற்றை அவற்றுக்கு இடையில் நிறுத்தலாம்.

குப்பத்துக்கும், ஊருக்கும், காலனிக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஒரே கால்வாயை மூவரும் மூன்று விதமாகச் சொல்வார்கள். மீனவருக்கு அது இறாலும் மடவையும் கிடைத்த இடம், நிலம் வைத்திருந்தவருக்கு வயலைக் கெடுக்கும் உப்புநீர், கூலிக்குப் போனவருக்குப் படகில் விறகு ஏற்றிய இடம். மூன்றையும் எழுதாத நூல் ஊரின் ஒரு தெருவுக்கு மட்டுமே உரியது.

வளர்ச்சியை எண்ணிக்கையில் காட்டுதல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் வருவாய்க் கிராமம் வாரியாக வீடுகளும் மக்கள்தொகையும் வெளியாகியுள்ளன. 1951 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒன்றாக ஏழு எண்களை எடுத்து, எந்தப் பத்தாண்டில் கோடு செங்குத்தாக எழுகிறது என்று பாருங்கள். இடையில் ஊர் கணக்கெடுப்பு நகரமாக வகை மாறியிருந்தால் எண் வேறு அட்டவணைக்குப் போயிருக்கும். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் வேளாண்மை அல்லாத தொழிலில் இருத்தல் ஆகிய மூன்றும் நிறைந்தால் அந்த மாற்றம் நடக்கும். ஊர் எந்த ஆண்டில் வயலை விட்டது என்பதற்கு அரசே தந்த சான்று அது.

அந்தக் கோடு எழுவதற்குத் தகவல் தொழில்நுட்பத்தை மட்டும் காரணமாக எழுதிவிட்டு முடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டதும், பழைய மாமல்லபுரம் சாலை ஆறு வழியாகி 2008இல் திறக்கப்பட்டதும் பெரிய காரணங்கள்தாம். ஆனால் அதே ஆண்டுகளில் நகருக்குள் ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியிருந்தவர்கள் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டார்கள். மயிலாப்பூர்ப் பக்கத்தில் ஒரு கால்வாய்க் கரையை விட்டு வந்தவர், முப்பது நாற்பது நிமிடப் பயணத்தில் அதே கால்வாயின் இன்னொரு கரையில் குடியேறியிருக்கலாம். அவர்களும் ஊரின் வரலாற்றில் ஒரு பகுதி. தனி அத்தியாயமாக ஒதுக்காமல், மற்றவர்களோடு சேர்த்தே எழுத வேண்டும்.

செயற்கைக்கோள் படங்களின் பழைய பதிவுகளைக் கணினியில் திறந்து, 2000ஆம் ஆண்டை ஒட்டிய படத்தையும் இன்றைய படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டு, மேலே ஒளி ஊடுருவும் தாளை வைத்துக் கட்டடங்களை மட்டும் வரைந்தால் போதும். பதிவுத் துறையின் இணையதளத்தில் ஒரு புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று எடுத்தால், அந்த வயல் எப்போது முதலில் மனைகளாக உடைந்தது என்பதும் தெரியும். ஆனால் அதில் வரும் பெயர்களையும் விலைகளையும் நூலில் சேர்க்க வேண்டாம். நிலத் தகராறு உள்ள ஊரில் நீங்கள் வெளியிடும் ஒரு புல எண்ணும் பெயரும் நீதிமன்றத்தில் போய் நிற்கும். ஆண்டையும், மனைப்பிரிவான பரப்பையும் எழுதினால் வரலாற்றுக்குப் போதுமானது.

வரைபடங்களைப் பொறுத்தவரை மூன்றுக்கு மேல் தேவையில்லை: கடலிலிருந்து மேற்கே போகும் குறுக்குவெட்டு, ஏரிகளின் அம்புக்குறிப் படம், அ பதிவேட்டிலிருந்து வண்ணமிட்ட புறம்போக்குப் படம். மூன்றிலும் வரைந்த நாளை எழுதுங்கள், ஏனென்றால் அடுத்த மழைக்குள் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். எழுதி முடித்த கைப்பிரதியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் குப்பத்தில் ஒருவர், நத்தத்தில் ஒருவர், காலனியில் ஒருவர், புதுக் குடியிருப்பில் ஒருவர் என நான்கு பேருக்குப் படித்துக் காட்டி, அவர்கள் மறுக்கும் இடங்களை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி ஒரு முறை பதிவேட்டோடு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.